கொதிக்கும் குழம்புக்கு ஒரு டப்பா

"பாஸ் ஆயிடுச்சும்மா, சந்தோஷமா போயிட்டு வாங்க," என்றாள் ரூத். நாவலூர் ஆய்வுக்கூடத்தில் உணவு டப்பாக்களைச் சோதிப்பது அவள் வேலை.

எதிரே நின்ற பூங்கொடிக்கு முகம் சுருங்கியது. "நல்லா பாத்தீங்களா மேடம்? பிளாஸ்டிக்லேர்ந்து கெமிக்கல் எதுவும் எறங்கலியா?"

"ஆறின சாப்பாட்டுக்கான டெஸ்ட்தானே கேட்டீங்க? அதுல எறங்கல."

"மாமல்லபுரத்துக் கடைங்கள்ல மீன் கொழம்ப இதுல கொதிக்கக் கொதிக்க ஊத்திக் குடுக்கறாங்க மேடம். சூட்டுலயும் பாத்துடுங்களேன்."

போட்டிக் கம்பெனியைக் கவிழ்க்க வந்தவள் என்று ரூத்துக்குத் தோன்றியது. இப்படிச் சிலரை அவள் பார்த்திருக்கிறாள். எரிச்சலை அடக்கிக்கொண்டு, டப்பாவில் குழம்புக்குப் பதிலாகச் சூடான எண்ணெயை ஊற்றி வைத்து மறுபடி சோதித்தாள். அடுத்த வாரம் பூங்கொடி வந்தபோது முடிவு தயாராக இருந்தது.

"ஃபெயில். அளவுக்கு மேல கெமிக்கல் எண்ணெயில எறங்கியிருக்கு."

"அப்பாடா!" என்று பூங்கொடி நாற்காலியில் சாய்ந்தாள்.

ரூத்துக்குப் பொறுக்கவில்லை. "அடுத்தவங்க பொழப்புல மண்ணு விழுந்தா அவ்ளோ சந்தோஷமா?"

"அடுத்தவங்களுது இல்ல மேடம், எங்க டப்பாதான். செங்கல்பட்டுல எங்க வூட்டுக்காரரு செஞ்சிகினு கீறாரு. கொழம்புக் கடைக்குக் குடுக்காதய்யான்னா கேக்கவே மாட்டேங்கறாரு. இத்தக் காட்டுனா கேட்டுத்தான ஆவணும்?"

ரூத் கணினிப் பக்கம் திரும்பினாள்.

"ரிப்போர்ட்ல போடணும். கம்பெனி பேரு?"

"பூங்கொடி பிளாஸ்டிக்ஸ்," என்றாள் அவள். "எம்பேர வச்சிகினுதான் மேடம் ஊருக்கெல்லாம் விக்கறாரு."