மேடேறாத ஃபெர்மின்

ஃபெர்மினுக்கு மேடேற மனமில்லை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவர் பாட்டுக்குப் பிக்கப்பின் பின்புறம், சுற்றிலும் பூவோடு படுத்திருந்தார்.

"உயிரோட இருந்தப்பவே இந்த ஆளு கோயில் பக்கம் எட்டிப் பாத்ததில்லை. பெட்டியில வச்சு ஆணியடிச்சா மட்டும் வந்துடுவாரா?" என்றார் அவருடைய சேவல் சண்டைக் கூட்டாளி லியோன்சியோ.

நிக்கானோருக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக அந்தப் பழைய பிக்கப்பைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அவன். இன்று கல்லறைக்கு ஓட்டிப் போவதும் அவன்தான். போன வாரம்தான் எல்லாவற்றையும் பிரித்து மாட்டியிருந்தான். ஓக்கோவா மலைச்சாலையில், ஊர் மொத்தமும் பின்னால் நடந்து வரும்போது, அது இப்படிப் பாதி மேட்டில் படுத்துக்கொண்டால் நாளை எவன் அவனிடம் வண்டியை விடுவான்?

"பெட்டியில இடமிருக்கான்னு பாருப்பா நிக்கானோர். எஞ்சினையும் சேர்த்து வச்சிடலாம்." கடைத்தெரு மெக்கானிக் ஒவீடியோவுக்கு இப்படி ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம்.

மேட்டில் வண்டி நின்றால் செய்யும் அந்த ஊர் வழக்கப்படி பின்சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்தார்கள். நிக்கானோர் இரவல் வாங்கிய கறுப்புச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு பானெட்டைத் திறந்தான்.

ஏர் ஃபில்டரைத் தொடையில் தட்டினான், தூசி உதிரவில்லை. பெட்ரோல் ஃபில்டரை ஊதினான்; அடைப்பு இல்லை. பிளக் நான்கையும் கழற்றினான். நான்கும் பால் காப்பி நிறத்தில், குறை சொல்ல முடியாதபடி இருந்தன. ஆக்சிலேட்டர் கேபிளும் கடைசிவரை இழுத்தது.

நியூட்ரலில் மிதித்தால் எஞ்சின் மலையே அதிர உறுமியது. கியரைப் போட்டால் இரண்டு முழம் நகர்ந்து, இருமி, அடங்கியது. பின்சக்கரத்து பிரேக் டிரம்மைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டான். அந்த வெயிலில் எதுதான் சுடவில்லை!

முன் சீட்டில் ஃபெர்மினின் மனைவி காசில்தா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்குத் தைத்த கறுப்புப் பாவாடை சீட்டை நிறைத்து, கியர் கம்பிவரை பரந்து கிடந்தது.

"என்ன தம்பி?"

"கிளட்ச்சா இருக்குமோன்னு பாக்குறேன் அக்கா."

"நிதானமாப் பாரு. அவருக்கு என்ன அவசரம்?"

ஜெபம் சொல்ல வந்திருந்த குருசீதா அதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இது வண்டிக் கோளாறு இல்லை. பிணம் கனக்குது. யார்கிட்டயோ சொல்லிக்காம கிளம்பிட்டான். அவன் நெஞ்சுல இருக்கிறவங்க வந்து பெட்டியைத் தொட்டு, போயிட்டு வான்னு சொல்லணும். அப்பதான் நகரும்."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கடைசியில் லியோன்சியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஃபெர்மின், ஈஸ்டர் சண்டைக்கு முந்தி உன் சேவலுக்கு வயிறு முட்டச் சோளம் போட்டுத் தோக்க வச்சது நான்தான். மனசுல வச்சுக்காதே. போயிட்டு வாடா."

நிக்கானோர் வண்டியை எடுத்தான். ஒரு முழம் போய் நின்றது.

"சேவல் கனம் இறங்கிடுச்சு. மிச்சம் இருக்கு," என்றான் ஒவீடியோ.

அடுத்து காசில்தாவின் தம்பி வந்தான். "மச்சான், ஆறு வருஷமாத் தேடினீங்களே அந்த ஏணி, அது எங்க வீட்டுலதான் இருக்கு. போயிட்டு வாங்க." ஏணிக்கும் வண்டி மசியவில்லை.

காசில்தா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "வேற யாரும் இல்லையா? நல்லா சத்தமாக் கேளுங்க குருசீதா. பின்னாடி இருக்கிறவங்களுக்கும் விழட்டும்."

குருசீதா கேட்டாள். இரண்டு முறை கேட்டாள்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு கறுப்புக் குடை மெல்ல முன்னால் வந்தது. தையல்காரி எர்சிலியா. குடையை மடக்கி, பெட்டியின் தலைமாட்டில் கையை வைத்தாள்.

"போயிட்டு வா, என் ராசா."

நிக்கானோர் எஞ்சினுக்குள் பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று தேடினான்.

காசில்தா பக்கக் கண்ணாடியில் எர்சிலியாவைப் பார்த்தாள். ஜெபமாலைச் சிலுவையை முத்தமிட்டு, பாவாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "எடு தம்பி," என்றாள்.

பிக்கப் அம்பாகப் பாய்ந்தது. ஒவீடியோ விலகாவிட்டால் அவனுக்கும் ஒரு பெட்டி சொல்ல வேண்டியிருக்கும். பின்னால் ஊரே சிலுவை போட்டுக்கொண்டது, ஜெபம் உரத்தது. மெக்கானிக்குக்குக் கிடைக்க வேண்டிய பெயர் தையல்காரிக்குப் போயிற்று.

கல்லறை வாசலில் வண்டியை நிறுத்தியபோதும் நிக்கானோருக்கு மனம் ஆறவில்லை. காரணம் தெரியாமல் சரியான வண்டி சரியானதாகவே ஆகாது என்பது அவன் கட்சி.

"சத்தியமா என்னன்னு தெரியல அக்கா. போன வாரம் எல்லாத்தையும் நானே பாத்தேன். ஊர் முன்னாடி தலைகுனிவாப் போச்சு."

காசில்தா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாக இறங்கினாள்.

"உன் வேலையில ஒரு குத்தமும் இல்ல தம்பி. நம்ம ஊருல யாருமே தொடாத ஹேண்ட்பிரேக் கூட நல்லாப் பிடிக்குது."