உறுப்பினர் எண் 214

“லோகநாதன் சார் கெளம்பிட்டாராம்மா?” என்று கிருபாகரன் மூன்றாவது தடவையாகக் கேட்டார். மேசைமேல் மடிப்புக் கலையாத பொன்னாடை. போட்டோ எடுக்கத் தோதாக நாற்காலியைக்கூட வெளிச்சத்துப் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார்.

“வந்துடுவாரு சார்,” என்றாள் கஸ்தூரி. குரல் வேறு யாருடையதோ மாதிரி அவளுக்கே கேட்டது.

சேக்காட்டில் அந்தச் சின்ன நூலகத்தை நடத்துவது ஓர் அறக்கட்டளை. கிருபாகரன் அதன் செயலாளர். கஸ்தூரி பதினாறு வருஷமாக இங்கே நூலகர். போன வருஷம் வித்யா என்று ஒரு ஐ.டி. பெண் வந்து, மரப்பெட்டியில் அட்டை அட்டையாக இருந்த பட்டியலையெல்லாம் புது வெப்சைட்டில் ஏற்றினாள்.

இப்போது எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். வேண்டியதை எடுத்துவைக்கச் சொல்லலாம். ஒரு நாளைக்கு எத்தனை போயிற்று என்று கிருபாகரன் கொரட்டூரில் உட்கார்ந்தபடியே எண்ணிப் பார்க்கலாம். பத்துக்குக் குறைந்தால் கிளையை மூடித் திருநின்றவூரோடு சேர்த்துவிடுவோம் என்று முதல் மாசமே சொல்லியும்விட்டார்.

அந்த வெப்சைட்தான் இந்த வருஷத்தின் சிறந்த வாசகரையும் தானாகவே எடுத்துக் கொடுத்திருந்தது. உறுப்பினர் எண் 214, லோகநாதன். நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்.

கிருபாகரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வித்யாவின் லேப்டாப்பை எட்டிப் பார்த்து, பட்டியலை வாய்விட்டுப் படித்தார். “கேக்கு செய்யறதையும் படிக்கிறாரு, போர்வெல் போடறதையும் படிக்கிறாரு. என்னா மனுஷன்யா இவரு.”

வித்யா சிரித்தாள். கஸ்தூரி தேதி முத்திரையின் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இன்றைய தேதி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

லோகநாதன் வரமாட்டார். டேங்க் ஃபேக்டரியில் ரிட்டயரான அந்த மனிதர், வெப்சைட் வருவதற்கு ஒரு மாசம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். காரியம் முடிந்த மறுவாரம் அவர் மனைவி சுலோசனா, அவர் கடைசியாக எடுத்திருந்த புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆள் போனால் உறுப்பினர் கார்டைக் கிழித்துப்போட வேண்டும். கஸ்தூரிக்கு அன்று கை வரவில்லை. பெயரோடு பெயராக அதுவும் வெப்சைட்டில் ஏறிவிட்டது. அப்புறம் எட்டோ ஒன்பதோ போன நாட்களில், கைக்கு எட்டியதை எடுத்து 214-இல் பதிந்தாள். சாயங்காலம் பத்து ஆகிவிடும்.

யாருக்கும் நஷ்டமில்லை என்று முதலில் சொல்லிக்கொண்டாள். காலை ஒன்பதுக்கெல்லாம் வந்து பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வேறெங்கே போவார்கள் என்றும் சொல்லிக்கொண்டாள். பிறகு எதுவும் சொல்லிக்கொள்ளாமலே பதியப் பழகிவிட்டது. தெரிந்தால் அவள் வேலையும் போகும், கிளையும் போகும்.

உடம்பு சரியில்லையாம் என்று சொல்லிவிடலாம் என நினைத்திருந்தாள். சொல்ல வாயெடுக்கும்போது வித்யா முந்திக்கொண்டாள். அழைப்பு நேற்றே அவர் நம்பருக்கு வாட்ஸப்பில் போய்விட்டதாம், நீல டிக்கும் விழுந்துவிட்டதாம்.

“அந்த நம்பரு இன்னும் இருக்குதா?” என்று கஸ்தூரி மெதுவாகக் கேட்டாள்.

“என்ன மேடம், ஒவ்வொரு தடவையும் நீங்க புக்க பதிஞ்ச உடனே அதுக்குத்தானே மெசேஜ் போவுது. போன மாசம்கூட அதுலருந்து எறும்பு பத்தின புக்கு ஒண்ணு எடுத்துவைக்கச் சொல்லிக் கேட்டிருந்தாங்களே.”

கஸ்தூரி அதைப் பார்த்திருந்தாள். வித்யாதான் எதையோ சோதித்துப் பார்க்கிறாள் என்று எண்ணி, புத்தகத்தை எடுத்து இழுப்பறையில் போட்டு மறந்துபோனாள். ஆளோடு நம்பரும் போயிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு மெசேஜ். இறந்தவர் பேரில், அவர் வீட்டுக்கே.

முத்திரையை எப்போது கீழே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். கையில் துணிப்பை. கஸ்தூரிக்கு முகம் மறக்கவில்லை.

கிருபாகரன் எழுந்து, யாரம்மா என்று விசாரித்தார். லோகநாதன் சம்சாரம் என்றாள் சுலோசனா. கிருபாகரன் பொன்னாடையைக் கையில் எடுத்துக்கொண்டே வாசலைப் பார்த்தார்.

“சார் வரலீங்களா?”

சுலோசனா பைக்குள் கைவிட்டு ஒரு பழைய ஃபோனை எடுத்தாள். கட்டைவிரலால் மேலே மேலே தள்ளினாள். ஒவ்வொரு மெசேஜிலும் முதல் வார்த்தை அவர் பேர்தான். கேக், போர்வெல், முயல் வளர்ப்பு, வாஸ்து. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

கிருபாகரன் கையில் அதைக் கொடுக்கப் போகிறாள் என்று கஸ்தூரி பார்த்துக்கொண்டு நின்றாள். பயமாகக்கூட இல்லை. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிரீச்சிட்டது. அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுலோசனா ஃபோனைத் திரும்பப் பைக்குள் போட்டாள். கிருபாகரனைத் தாண்டி நேராகக் கஸ்தூரியின் மேசைக்கு வந்தாள்.

“எறும்பு புக்கு வந்துச்சாம்மா? கேட்டு ஒரு மாசம் ஆவுது, அவரு ஊட்ல காத்துகினு கீறாரு.”