சக்களத்திக்கு ஒரு பாலிசி

"சைக்கிளோட விலை என்ன சார்?"

ஒன்பதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பெண் இப்படிக் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் ஓரக்கண்ணால் எதிரே பார்த்தார்.

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. மேசைக்கு எதிர்ப்புறம் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம். காலையிலிருந்து எட்டு கம்பெனிகளைக் கூப்பிட்டாயிற்று. வீட்டுக்குக் காப்பீடு என்றால் எல்லோரும் இழுத்து உட்கார வைக்காத குறைதான். சைக்கிள் என்றதும் சுருதி இறங்கிவிடும். ஒருவர் வாய்விட்டே சிரித்தார். ஒரு கம்பெனி சைக்கிளுக்கு வைத்திருந்த உச்சவரம்பில் அவருடைய சைக்கிளின் முன்சக்கரம்கூடத் தேறாது. இன்னொரு கம்பெனி கேட்ட பிரீமியத்தை மூன்று வருஷம் சேர்த்தால் புது சைக்கிளே வாங்கிவிடலாம்.

ஒன்பதாவது பெண்தான் வயிற்றில் பால் வார்த்தாள். வீட்டுப் பாலிசியிலேயே சைக்கிளைத் தனியாக எழுதிச் சேர்க்கலாமாம். தெருவில் பூட்டி நிறுத்தித் திருடு போனாலும் பணம் உண்டாம். கட்டணமும் கையைக் கடிக்காது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. போன வாரம் கீழ்வீட்டு வாத்தியாரின் சைக்கிள் மாடிப்படிக்கு அடியிலிருந்து காணாமல் போனது. திருடன் பூட்டை மட்டும் மரியாதையாக வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அன்றைக்கே மெக்கானிக் தன் சைக்கிளைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்துவிட்டார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிறுத்தினார். மனைவி அதற்குச் 'சக்களத்தி' என்று பேர் வைத்தாள். போகவர பெடல் முழங்காலில் இடித்தது. இரண்டு நாள் திட்டினாள். மூன்றாம் நாள் தன் பழைய கம்பளிக் காலுறை ஒன்றைப் பெடலுக்கு மாட்டிவிட்டாள்.

கறுப்பு கார்பன் சைக்கிள். இரண்டு விரலால் தூக்கலாம். வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் இருட்டுமாகக் கிடக்கிற மனுஷர், ஞாயிறு காலையில் அதில் ஏறிப் போய்விட்டு வந்தால் அன்று பூராவும் வீட்டில் பேச்சும் சிரிப்பும்தான்.

வாங்கியபோது மனைவியிடம் அவர் சொன்ன விலை, கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு.

இப்போதும் அந்த விலையைத்தான் சொன்னார். கொஞ்சம் மெதுவாக.

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"இந்த மாடல் அவ்வளவு கம்மியா வராதே சார். குறைச்சு எழுதினா நாளைக்கு உங்களுக்குத்தான் நஷ்டம். பில்லைப் பார்த்துச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

பில்லுக்கு எங்கே போவது? வீட்டில் கண்ணில் பட்டால் வம்பு என்று அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்த புண்ணியவான் அவர்.

ஒரு சட்டையை மடித்து முடித்து அவள் அடுத்ததை எடுத்தாள்.

இரண்டு வருஷமாக ஒரு பொய்யைக் காப்பாற்றியாயிற்று. இனிமேல் சைக்கிளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பொய்யைக் கைவிட வேண்டும்.

ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு கொடுத்த விலையைச் சொன்னார்.

"ஓவர்டைம் காசு. உன்கிட்ட கேக்காம எடுத்துட்டேன். தப்புதான்." அவள் முகத்தைப் பார்க்காமல் மேலும் சொன்னார்: "அதுவும் போன வருஷ மாடல்னு கடைக்காரர் பாதிக்குப் பாதி தள்ளிக் கொடுத்தார். இல்லைன்னா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள்.

சத்தமில்லாமல் போனதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அலமாரி திறக்கும் ஓசை வந்தது. பெட்டி கட்டப் போகிறாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

திரும்பி வந்தவள் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்து, மடிப்பை நீவிவிட்டாள்.

கடையின் பில். அவர் பெயர். அவர் சைக்கிள். தள்ளுபடி என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. முழு விலை. பணம் இரண்டு தவணையாக வந்திருந்தது. இரண்டாவதன் தேதி அவர் வாங்கிய நாள். முதலாவது, அதற்கு நான்கு நாள் முன்னால்.

"தினம் பஸ்ல வரும்போது பார்ப்பேன்," என்றாள். "அந்தக் கடைக் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிப்பீங்க. ஒருநாள் இறங்கிப் போய் விலை கேட்டேன்."

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது ஃபோன்.

அவளே குனிந்து, பில்லில் இருந்த விலையை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் திருப்தியாக ஒரு 'சரிங்கம்மா' கேட்டது.

அவர் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உனக்கு ஏது இவ்வளவு?" என்றார்.

அவள் வேலை செய்வது பல் செட் செய்கிற லேபில்; கூடுதலாகச் செய்கிற ஒவ்வொரு பல்லுக்கும் தனிக் கூலி. சைக்கிள் வாங்குவதற்கு முந்தைய ஏழெட்டு மாதம் அவள் தினமும் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். சமையல் தாமதமாகிறது என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் உண்டு.

அவள் அடுத்த சட்டையை உதறினாள்.

"அறுநூத்துச் சொச்சம் பல்லுங்க."