டப்ளின் எவ்வளவு தூரம்

"பினாங்குல இருந்து டப்ளினுக்கு எத்தனை மணி நேரம்னு சொன்ன?" என்று அம்மா புஷ்பவள்ளி மறுபடியும் கேட்டாள்.

"இருபது மணி நேரம்மா. நேரா பிளேன் கிடையாது. நடுவுல இறங்கி மாறணும்," என்றாள் லோகேஸ்வரி.

"நெனச்ச உடனே கிளம்பி வந்து நிக்க முடியாது, இல்ல?"

"முடியாதும்மா."

அம்மா பெருமூச்சு விட்டாள்.

லோகேஸ்வரிக்கு இரண்டு ஊர்களில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. டப்ளினில் அவள் ஆசைப்பட்ட குழந்தைகள் பிரிவு. சிங்கப்பூரில் சாதாரண வார்டு, ஆனால் ஒன்றரை மணி நேர விமானப் பயணம். அம்மாவின் பெருமூச்சு அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவள் சமையலறைக்கு வந்து சொன்னாள்.

"டப்ளின் வேண்டாம்னு எழுதிட்டேன்மா. சிங்கப்பூருக்கே போறேன். உங்களுக்கு ஒண்ணுன்னா ஓடி வந்துடுவேன். இப்ப சந்தோஷமா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உன்கூட நானும் வந்துடலாம்னு இருந்தேன்."

"சிங்கப்பூருக்கும் வாங்களேன்மா."

"போன வருஷம் உங்கப்பா அடி தாங்காம சுங்கை பாக்காப்புக்கு, சித்தி வீட்டுக்குப் போனேன். கடல் பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரத்துல வந்து இழுத்துட்டு வந்தாரு. இருபது மணி நேரம்னா வரமாட்டாருன்னு நெனச்சேன்."

லோகேஸ்வரி வாயைத் திறக்குமுன் கூடத்தில் இருந்து அப்பாவின் குரல் உற்சாகமாக வந்தது.

"சிங்கப்பூரா? நல்லதுலா. பஸ்லயே போய்ட்டு வந்துடலாம்."