தேயாவின் தாழி

திராட்சை விளையும் காகேத்தியில் எட்டுத் தலைமுறையாக ஒயின் செய்யும் குடும்பம் ஓத்தாருடையது. அன்று மகள் தேயா, தலைநகர் திபிலிசியிலிருந்து ஓர் இளைஞனோடு வந்து இறங்கினாள்.

"அப்பா, இவர் லாஷா. என்கூட ஆபீஸ்ல வேலை பாக்கறாரு. நாம ஒயின் போடற இடத்தைப் பாக்கணும்னாரு."

"வாங்க தம்பி. ஒயினைப் பத்தி ஏதாவது தெரியுமா?"

"குடிக்கத் தெரியும் ஐயா."

"பொழைச்சுக்குவீங்க!"

கழுத்துவரை தரையில் புதைத்திருந்த ஒயின் தாழிகளுக்கு நடுவே அழைத்துப் போனார் ஓத்தார். கோடியில் இருந்ததைக் காட்டினார்.

"இது தேயா பொறந்த வருஷம் நிரப்பி மூடினது. இவ கல்யாணத்தன்னிக்குத்தான் திறப்போம். இருபத்தெட்டு வருஷமாச்சு."

"ஒரு வாய் ருசி பாக்கலாமா ஐயா?"

"ஏன், நீங்க என்ன மாப்பிள்ளையா?"

லாஷா தேயாவைத் திரும்பிப் பார்த்தான். தேயா தலைகுனிந்துகொண்டாள்.

"அப்பா... போன மாசம் நாங்க பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். நீங்க முந்நூறு பேரைக் கூப்பிட்டு மூணு நாள் விருந்து வைப்பீங்களேன்னு பயந்துதான் சொல்லல. மன்னிச்சுடுங்கப்பா."

ஓத்தார் குனிந்து கல் மூடியைத் தள்ளினார். தாழி காலியாக இருந்தது.

"பதிவு ஆபீஸ்ல உன் பத்திரத்துல முத்திரை குத்தினாளே ஒரு அம்மா, அவ நம்ம பக்கத்து வீட்டுக்காரரோட தங்கச்சி. மை காயறதுக்குள்ள போன் வந்துடுச்சு."

"அதனால?"

"அதனால என்ன? கல்யாணத்தன்னிக்குத் திறக்கணுமே, திறந்தோம். முந்நூறு பேரு, மூணு நாள் விருந்து. உன் கல்யாணத்துக்கு வராதவங்க நீங்க ரெண்டு பேரு மட்டும்தான்!"