நகராட்சிச் சங்கு

நகராட்சி நூற்றாண்டுக் கண்காட்சியில், ஒரு காலத்தில் ஊருக்கே நேரம் சொன்ன மின்சாரச் சங்கைப் பழுது பார்த்து நடுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். முதல் ஆளாக அதை ஒலிக்கவிட, முப்பது வருடம் அந்தப் பொத்தானை அமுக்கிய ஆவுடையப்பனையே கூப்பிட்டிருந்தார்கள். பொன்னாடை போர்த்தியதும் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அட்டையைப் படித்தார்: 'பெரியகுளம் உடைந்த அன்று பழுதாகி நின்றது.' வெள்ளம் வடிந்த பிறகு அவரே எழுதிக்கொடுத்த வாசகம்தான். சங்குக்கு அன்று ஒரு கோளாறும் இல்லை. குளம் உடைந்த சேதி வந்ததும் ஊரை எச்சரிக்கும் பொத்தானை அமுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை மேட்டில் ஏற்ற வீட்டுக்கு ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது கீழத்தெருவில் கூரைகள் மட்டும்தான் தெரிந்தன.

"அமுக்குங்க அண்ணாச்சி," என்றாள் கண்காட்சியை நடத்தும் செண்பகம்.

அமுக்கினார். கூடமே அதிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், சிரித்தார்கள், பிறகு காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"போதும் அண்ணாச்சி, கைய எடுங்க!" செண்பகம் அவர் காதருகே கத்தினாள்.

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறு தாயி. கீழத்தெருவுல இன்னும் ஒருத்தரும் வெளிய வரலியே."