சரியாகப் பொருந்தியது

பனிச்சறுக்குப் பலகையில் காலைப் பூட்டும் பைண்டிங்குகளில் ஒன்றுகூடத் தமயந்திக்குப் பொருந்தவில்லை. ஒன்றில் குதிகால் தூக்கிக்கொண்டது, இன்னொன்று கணுக்காலை நெரித்தது. வாடகைக் கடைக்காரர் அவளுடைய பூட்ஸையே சற்று நேரம் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்தார். அதன் பட்டைகளை இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. கால் போய் அமர்ந்ததும் கச்சிதமாக இறுகின.

“எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்குடா. இதுக்கு முன்னாடி யாரு போட்டாங்கன்னு கேளேன்” என்றாள்.

தம்பி குமரவேல் இந்தியில் கேட்டான். கடைக்காரர் தணிந்த குரலில் நெடுநேரம் பேசினார். நடுவில் ஒருமுறை மலையுச்சியைக் கைகாட்டினார். பிறகு பலகையின் ஓரத்தில் வரிசையாக எழுதி அடிக்கப்பட்டிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். குமரவேலின் முகம் வெளிறிப்போனது.

“என்னடா சொல்றாரு?”

“யாரோ ஒரு பொண்ணு போட்டதாம்க்கா. ஊருக்குப் போயிட்டாளாம். கழட்டிரு, நாம வேற கடை பாக்கலாம்.”

“இவ்ளோ சரியா இருக்கறத எதுக்குடா கழட்டணும்?”

கடைக்காரர் அவளைப் பார்த்துப் புன்னகைத்து ஏதோ கேட்டார். பெயரைத்தான் கேட்கிறார் என்பது அவளுக்கே புரிந்தது. அவள் வாய் திறப்பதற்குள் குமரவேல் முந்திக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னான்.

அது அவளுடைய பெயர் இல்லை.